கமாண்ட் போஸ்ட்: போர்க்களத் தலைமையகம் எப்படி இயங்குகிறது, எப்படிச் சிக்குகிறது

"எதிரியின் தலைமையகம் தாக்கி அழிக்கப்பட்டது" என்ற வரி போர்ச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. படித்ததும் கண்முன் வருவது ஒரு பெரிய கட்டடம், மேலே கொடி, உள்ளே தளபதி. மறுநாளே அந்தப் படைப்பிரிவு வழக்கம்போலச் சண்டையிடுவதாக இன்னொரு செய்தி. தலைமையகமே போன பிறகு எப்படிச் சண்டையிடுகிறார்கள்?

குழப்பத்தில் பாதி மொழிபெயர்ப்பில் பிறக்கிறது. படைத்துறையில் தனித்தனிப் பெயர் உள்ள ஐந்து விஷயங்களைத் தமிழ்ச் செய்திகள் ‘தலைமையகம்’, ‘முகாம்’, ‘தளம்’ என்ற மூன்று சொற்களுக்குள் அடைத்துவிடுகின்றன. அந்த ஐந்தில் சண்டையோடு நேரடித் தொடர்புள்ளது கமாண்ட் போஸ்ட் எனப்படும் களத் தலைமையகம். பலரும் தவறாகப் புரிந்துகொள்வதும் அதைத்தான்.

சொற்களை முதலில் பிரிப்போம்

1. தளம். விமானங்கள், கப்பல்கள், கிடங்குகள், பழுதுபார்க்கும் பட்டறைகள் இருக்கும் இடம். பொருளும் பொறியும் இங்கே முக்கியம். தளபதி இங்கே இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

2. கண்டோன்மென்ட். அமைதிக்காலத்தில் படையினர் குடும்பத்தோடு வாழும் ஊர். பரங்கிமலை–பல்லாவரமும் நீலகிரியின் வெலிங்டனும் இந்த வகை.

3. தங்குமிடம், அதாவது பேரக்ஸ். வீரர்கள் உறங்கும் கட்டடம். 2023 ஜனவரி 1 பிறந்த சில நிமிடங்களில் உக்ரைனின் மக்கீவ்காவில் தாக்கப்பட்ட தொழிற்பயிற்சிப் பள்ளி இதற்கு உதாரணம். 89 பேர் இறந்ததாக ரஷ்யா ஒப்புக்கொண்டது. தடையை மீறி வீரர்கள் கைப்பேசி பயன்படுத்தியதே காரணம் என்றும் சொன்னது. சாவு எண்ணிக்கை பெரிது. ஆனால் உத்தரவுச் சங்கிலி அங்கே அறுபடவில்லை.

4. நிலையான தலைமையகம். முகவரியும் பெயர்ப்பலகையும் உள்ள அலுவலகம். உதம்பூரில் உள்ள வடக்குக் கட்டளையகம், சென்னையில் உள்ள தக்ஷிண பாரத் ஏரியா தலைமையகம் போன்றவை. நிர்வாகம், ஆள்சேர்ப்பு, நீண்டகாலத் திட்டம் எல்லாம் இங்கே நடக்கும். எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் ரகசியமல்ல.

5. களத் தலைமையகம். சண்டை நடக்கும்போது ஒரு படைப்பிரிவின் தளபதியும் அவருடைய அலுவலர் குழுவும் அமர்ந்து, நிலவரம் கேட்டு, முடிவெடுத்து, உத்தரவு அனுப்பும் இடம். கூடாரமாக இருக்கலாம், வீட்டு நிலவறையாக இருக்கலாம், கவச வண்டியின் பின்பக்கமாகவும் இருக்கலாம். இன்று ஒரு தோப்பில், நாளை ஒரு கோழிப்பண்ணையில். இடம் மாறும், பெயரும் வேலையும் மாறாது.

ஐந்தாவதைக் கட்டடமாக நினைத்துவிடுவதுதான் முதல் பிழை. அது ஒரு வேலை. அந்த வேலையைச் செய்யும் ஆட்கள், ரேடியோக்கள், வரைபடங்கள் எங்கே போனாலும் தலைமையகமும் கூடவே போகிறது.

நம்மிடம் இருந்த சொற்கள்

இந்தக் கருத்துக்குத் தமிழில் பழைய சொற்கள் நிறைய உண்டு. படை வந்து தங்குவதைப் ‘பாளையம் இறங்குதல்’ என்றார்கள். போர்க்களத்துக்கு அருகே மன்னன் தங்கிய இடம் பாசறை, பாடிவீடு, படைவீடு. முருகனின் ஆறு தலங்களைப் படைவீடுகள் என்கிறோம். அவற்றுள் திருச்செந்தூர், சூரபத்மனோடு போரிட முருகன் படையோடு தங்கிய இடமாகச் சொல்லப்படுவதால் அந்தப் பெயர் அங்கே அச்சாகப் பொருந்துகிறது. ‘பாசறை’யை இன்று கட்சிகள் இளைஞர் அணிக்கு வைத்துக்கொண்டுவிட்டன. அதனால் போர்ச் செய்தியில் அது ஒட்டாமல் நிற்கிறது. நல்ல சொல், கைவிட்டுப் போனது வருத்தம்தான்.

பாசறை எப்படி இருந்தது என்பதற்கு முல்லைப்பாட்டில் விரிவான காட்சி இருக்கிறது. காட்டை வெட்டித் திருத்தி, முள்வேலி இட்டு, தழை வேய்ந்த குடில்களைத் தெருத்தெருவாக அமைக்கிறார்கள். தெருக்கள் கூடும் முற்றத்தில் யானை காவல் நிற்கிறது. நடுவே மன்னனுக்குத் தனி இடம். அதை அமைத்துத் தந்தவர்கள் யவனர். உள்ளறைக் காவலுக்குப் பேச முடியாத மிலேச்சர், அதாவது அயல்நாட்டார். இடையில் வாள் கட்டிய பெண்கள் இரவெல்லாம் விளக்குக்கு நெய் வார்த்துத் திரி தூண்டுகிறார்கள். நாழிகை வட்டில் பார்த்து நேரம் சொல்பவர்கள் தனியே இருக்கிறார்கள். மன்னன் உறங்கவில்லை, புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இதைப் படைத்துறைக் கண்ணால் பார்த்தால் இன்றைய கமாண்ட் போஸ்டின் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. சுற்றுக் காவல், உள்வட்டக் காவல், ரகசியம் வெளியே கசியாத ஏற்பாடு, இரவு முழுதும் வெளிச்சம், பொது நேரம், இழப்புக் கணக்கு. ஒன்றுதான் இல்லை: ரேடியோ. பின்னால் பார்க்கப்போகும் சிக்கல்கள் பெரும்பாலும் அந்த ஒன்றால் வந்தவை.

ரஷ்யச் செய்திகளில் வரும் ‘ஸ்தாவ்கா’வும் இதே குடும்பம். படைத்தலைவனின் கூடாரம் என்பதே அதன் பழைய பொருள். 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் ரஷ்யப் பேரரசின் ஸ்தாவ்கா பரனோவிச்சி ரயில் சந்திப்பருகே காட்டுக்குள் ரயில் பெட்டிகளில் இயங்கியது. 1915-இல் மொகிலெவ் நகருக்குப் பின்வாங்கியது. 1941 ஜூன் 23 அன்று ஸ்டாலின் காலத்தில் அதே பெயர் மீண்டும் வந்தபோது அது ஓர் இடத்தைக் குறிக்கவில்லை. மாஸ்கோவில் போரை நடத்திய உயர்மட்டக் குழுவைக் குறித்தது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் அமைத்த ஸ்தாவ்காவும் குழுதான். எனவே "ஸ்தாவ்கா கூடியது" என்றால் அதிபரும் தளபதிகளும் கூட்டம் நடத்தினார்கள் என்று பொருள். அதைக் ‘களத் தலைமையகம்’ என்று மொழிபெயர்ப்பது, சொல்லின் பிறப்பைப் பிடித்துக்கொண்டு இன்றைய பொருளை விடுவது.

வரைபடத்தில் எப்படிக் குறிப்பார்கள்

நேட்டோ முறை வரைபடத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் ஒரு செவ்வகம். அந்தச் செவ்வகத்தின் இடது கீழ் மூலையிலிருந்து கொடிக்கம்பம்போல் ஒரு கோடு இறங்கினால் அது அந்தப் பிரிவின் தலைமையகம். கோட்டின் நுனி தொடும் புள்ளியே சரியான இடம். செவ்வகம் எங்கே இருக்கிறது என்பது பொருட்டல்ல. இது தெரியாமல், இணையத்தில் உலவும் போர் வரைபடங்களில் செவ்வகத்தின் நடுவைத் தலைமையகமாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

செவ்வகத்தின் தலையில் உள்ள குறி அளவைச் சொல்லும். ஒரு செங்குத்துக் கோடு கம்பெனி, இரண்டு பட்டாலியன், மூன்று ரெஜிமென்ட். ஒரு எக்ஸ் பிரிகேடு, இரண்டு டிவிஷன், மூன்று கோர், நான்கு ஆர்மி. நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது: நேட்டோ படத்தில் நீலம் தன் படை, சிவப்பு எதிரி. சோவியத் மரபில் இது தலைகீழ்.

அளவு ஏன் முக்கியம்? பட்டாலியன் என்றால் தோராயமாக 800 பேர். அதன் களத் தலைமையகம் சில வண்டிகள், ஒரு நிலவறை. பிரிகேடு என்றால் சுமார் 3,000 பேர். டிவிஷன், கோர் என்று மேலே போகப்போகத் தலைமையகத்துக்கே ஒரு சிற்றூர் அளவுக்கு ஆட்களும் வண்டிகளும் சேர்ந்துவிடும். "தலைமையகம் அழிப்பு" என்ற செய்தியில் எந்த மட்டம் என்று சொல்லப்படாவிட்டால் அந்தச் செய்திக்கு எடை போட முடியாது.

ஒரே தலைமையகம், மூன்று துண்டுகள்

பிரிகேடும் அதற்கு மேற்பட்ட பிரிவுகளும் தலைமையகத்தை ஒரே இடத்தில் வைப்பதில்லை. பிரிட்டிஷ் மரபில் வந்த இந்தியப் படையில் வழங்கும் பெயர்கள் இவை:

1. டாக் தலைமையகம் (‘டாக்டிகல்’ என்பதன் சுருக்கம்). தளபதி, ஓரிரு அலுவலர்கள், ரேடியோ இயக்குநர்கள், பாதுகாவலர்கள். சண்டைக்கு மிக அருகே, சில வண்டிகளோடு முடிந்துவிடும்.

2. மெயின் தலைமையகம். அலுவலர் குழுவின் பெரும்பகுதி இங்கேதான். உளவு, சண்டை நடவடிக்கை, பீரங்கி, பொறியாளர், தகவல் தொடர்பு ஆகிய பிரிவுகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்.

3. ரியர் தலைமையகம். குண்டு, எரிபொருள், உணவு, காயம்பட்டோர், ஆள் நிரப்பல். பின்தங்கி இருப்பதால் பெயர் கெட்டது. ஆனால் இது நின்றால் மூன்றாம் நாள் பீரங்கி பேசாது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி இந்தப் பிரிவினையைக் கறாராகக் கடைப்பிடித்தார். அவருடைய டாக் தலைமையகத்தின் மையம் மூன்று வண்டி வீடுகள்: ஒன்று அலுவலகம், ஒன்று படுக்கை, ஒன்று வரைபடம். முதலிரண்டும் இத்தாலியத் தளபதிகளிடமிருந்து கைப்பற்றியவை. இளம் தொடர்பு அலுவலர்கள் பகலில் ஜீப்பில் முன்வரிசைத் தலைமையகங்களுக்குப் போய் நேரில் பார்த்துவிட்டு, இரவு வரைபட வண்டிக்கு வந்து சொல்வார்கள். ரேடியோ சொல்லாததை ஆள் வந்து சொல்லும் ஏற்பாடு. 1945 மே 4 அன்று வடமேற்கு ஜெர்மனியில் இருந்த படைகள் சரணடைந்தது லூனெபர்க் வெளியில் இந்த டாக் தலைமையகத்தில்தான்.

தளபதி முன்னால் போவதில் அபாயமும் உண்டு. 1941 நவம்பர் 24 அன்று வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியத் தளபதி ரோம்மெல் கவசப் படையோடு எகிப்து எல்லைக் கம்பிவேலி நோக்கிப் பாய்ந்தார். தொடர்பு அறுந்தது. எல்லைக்கு அப்பால் ஓர் இரவு எதிரி நடமாட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார். லிபியாவின் டோப்ருக்கில் ஜெர்மானியருக்கு நிலைமை மோசமாகிக்கொண்டிருக்க, பின்னால் தலைமையகத்தில் இருந்த லெப்டினன்ட் கர்னல் வெஸ்ட்பால் தன் பொறுப்பில் 21-ஆம் பான்சர் (கவச) டிவிஷனைத் திரும்பி வரச் சொன்னார். தளபதியின் உத்தரவை அவருடைய அலுவலரே மாற்ற வேண்டிய நிலை. தளபதி இருக்கும் இடமும் தகவல் வந்து குவியும் இடமும் பிரிந்தால் இப்படித்தான் ஆகும்.

மறுபக்கமும் பாருங்கள். 1942 மே 27 அன்று கசாலாப் போரில் பிரிட்டிஷ் 7-ஆம் கவச டிவிஷனின் தலைமையகத்தின்மேலேயே ஜெர்மானிய வண்டிகள் ஏறி வந்துவிட்டன. ஜெனரல் மெஸ்ஸர்வி சிறைப்பட்டார். பதவிச் சின்னங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, சாதாரணப் பணியாள் என்று நம்பவைத்துத் தப்பினார். அவர் உயிர் பிழைத்தாலும், நெருக்கடியான நேரத்தில் டிவிஷனுக்குத் தலைமை இல்லாமல் போனது.

உள்ளே என்ன நடக்கிறது

மெயின் தலைமையகத்தின் நடுவே ஒரு மேசை. அதில் 1:50,000 அளவு வரைபடம், மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். மெழுகுப் பென்சிலால் குறித்து, துணியால் துடைத்து, மறுபடி குறிக்கிறார்கள். இன்று பெரும்பாலும் திரைதான். உக்ரைனில் ‘டெல்டா’ என்ற மென்பொருளும் ட்ரோன் நேரலையும் அந்த வேலையைச் செய்கின்றன. மின்சாரம் போனால் கைகொடுப்பது பிளாஸ்டிக் தாள்தான் என்பதால் அதை யாரும் தூக்கி எறிந்துவிடவில்லை.

இந்தியப் பிரிகேடு ஒன்றில் சண்டை தொடர்பான எல்லாவற்றையும் கோத்து நடத்துபவர் பிரிகேட் மேஜர். ஆள், பொருள், வண்டி என்றால் ‘டிக்யூ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அலுவலர். நேட்டோ மரபில் பிரிவுகளுக்கு எண்கள்: 1 ஆட்கள், 2 உளவு, 3 நடவடிக்கை, 4 வழங்கல், 5 திட்டம், 6 தகவல் தொடர்பு. செய்தியில் ‘ஜி-2 அலுவலர்’ என்றால் உளவுப் பிரிவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

மேசைக்குப் பக்கத்தில் ரேடியோ இயக்குநர். அவர் கையில் பதிவேடு. அதில் ஐந்து கட்டங்கள்: நேரம், யார், யாருக்கு, செய்தி, எடுத்த நடவடிக்கை. உதாரணமாக இப்படி ஒரு பதிவு: "0412. பி கம்பெனி. பட்டாலியனுக்கு. 483617-இல் டாங்கி இரண்டு, கிழக்கே நகர்கிறது. பீரங்கிக்குச் சொல்லப்பட்டது." இந்த ஒரு வரியில் பிழை நுழைய மூன்று வாசல்கள் உண்டு.

1. நேரம் விடுபடுவது. அதே டாங்கிகளைச் சிறிது நேரம் கழித்துப் பக்கத்துக் கம்பெனியும் பார்த்துச் சொல்கிறது. நேரம் இல்லாவிட்டால் வரைபடத்தில் இரண்டு டாங்கி நான்காகிவிடும். எதிரி பலத்தைக் கூடுதலாக மதிப்பிடும் பழங்காலப் பிழை இது.

2. எண் இடம் மாறுவது. வரைபடக் குறியீட்டில் முதலில் கிழக்கு, பிறகு வடக்கு. ஆறு இலக்கக் குறியீடு 100 மீட்டர் சதுரத்தைக் காட்டும். முதல் மூன்று இலக்கத்தில் கடைசி இலக்கம் ஒன்று தவறினால் 100 மீட்டர் விலகும். நடு இலக்கம் தவறினால் 1 கிலோமீட்டர். முதல் இலக்கம் தவறினால் 10 கிலோமீட்டர். தன் ஆட்கள் தலையிலேயே குண்டு விழுவது பல நேரங்களில் இப்படித்தான்.

3. ‘நடவடிக்கை’ கட்டம் காலியாக இருப்பது. செய்தி வந்தது, யாரும் எதுவும் செய்யவில்லை. 12 மணி நேரப் பணிமாற்றத்தில் புதிதாக வருபவர், முன்னவர் செய்திருப்பார் என்று நினைத்துக்கொள்வார்.

மூன்றாவதைத் தடுக்கத்தான் பணிமாற்றத்தின்போது இரு குழுவும் சேர்ந்து வரைபடத்தின் முன் நின்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும் என்ற விதி. தூக்கக் கலக்கத்தில் முதலில் கைவிடப்படுவதும் இந்த விதியே.

எப்படிச் சிக்குகிறது

கண்ணில் படுவதைவிடக் காதில் விழுவதால்தான் கமாண்ட் போஸ்ட் அதிகம் சிக்குகிறது. ஒரு ரேடியோ ஒலிபரப்பினால், திசையறி கருவி உள்ள எதிரி நிலையம் அந்த அலை வரும் திசையில் ஒரு கோடு போடும். வேறிடத்தில் உள்ள இன்னொரு நிலையம் மற்றொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் ரேடியோ. பேசுவது சங்கேதத்தில் இருந்தாலும் கவலையில்லை. யார் யாரோடு எவ்வளவு அடிக்கடி பேசுகிறார் என்பதே போதும். பத்து நிலையங்கள் வரிசையாக ஒரே நிலையத்துக்குப் பதில் சொன்னால் அந்த ஒன்று தலைமையகம்.

இதற்குப் பாடநூல் உதாரணம் 1944 ஜூன் 10, நார்மண்டியில் லா கைன். பான்சர் குரூப் வெஸ்ட் என்ற ஜெர்மானியக் கவசப் படைத் தலைமையகம் அங்கே ஒரு பெரிய மாளிகையில் இறங்கியிருந்தது. பிரிட்டிஷார் ரேடியோ செய்திகளை உடைத்துப் படித்து இடத்தைத் தெரிந்துகொண்டனர். தோட்டத்தில் நான்கு பெரிய ரேடியோ லாரிகளும் அலுவலக வண்டிகளும் கூடாரங்களும் மறைப்பின்றி நின்றன. மாலையில் ராக்கெட் ஏந்திய 40 டைஃபூன் விமானங்களும் 61 மிட்செல் குண்டுவீச்சு விமானங்களும் வந்தன. தளபதி கெயர் ஃபான் ஷ்வெப்பன்பர்க் காயம்பட்டார். தலைமை அலுவலர் ஃபான் டாவன்ஸும் மூத்த அலுவலர்கள் பலரும் இறந்தனர். ரேடியோ வண்டிகள் போயின. மிச்சமிருந்தவர்கள் பாரிஸுக்குத் திரும்பினார்கள். ஜூன் கடைசி வரை அந்தத் தலைமையகம் மீளவில்லை.

அந்தப் படையின் டாங்கிகளுக்கு அன்று எதுவும் ஆகவில்லை. ஆனால் பல டிவிஷன்களைச் சேர்த்து ஒரே அடியாக அடிக்கும் எதிர்த்தாக்குதலை ஒருங்கிணைக்க வேண்டிய கை போய்விட்டது. டிவிஷன்கள் தனித்தனியே சண்டையிட்டன. தலைமையகம் அழிந்தால் நிகழ்வது பெரும்பாலும் இதுதான். அடுத்த நாள் துப்பாக்கிகள் சுடும். ஆனால் சேர்ந்து சுடாது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கும் இதுவே பதில்.

ரேடியோவைத் தவிர வேறு தடயங்களும் உண்டு: ஆன்டெனாக் காடு, ஜெனரேட்டரின் சூடும் சத்தமும், ஒரே தோப்புக்குள் போய் முடியும் பல சக்கரத் தடங்கள், வந்துபோகும் பெரிய அதிகாரிகளின் வண்டிகள். கெர்சன் அருகே சொர்னோபாய்வ்கா விமானத் தளத்தில் 2022-இல் ரஷ்யப் படை தலைமையகங்களை வைத்ததும், உக்ரைன் மீண்டும் மீண்டும் அங்கேயே அடித்ததும் நினைவிருக்கலாம். ஓடுதளம், கட்டடம், மின்சாரம் எல்லாம் தயாராக இருக்கும் இடம் வசதிதான். எதிரியின் வரைபடத்திலும் அது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும் என்பதை வசதி மறக்கச் செய்கிறது. 2022 ஜூனில் ஹைமார்ஸ் என்ற அமெரிக்க ராக்கெட் ஏவு வண்டிகள் உக்ரைனுக்கு வந்த பிறகு 70 கிலோமீட்டருக்கு மேல் துல்லியமாக அடிக்க முடிந்தது. 20, 30 கிலோமீட்டர் பாயும் பீரங்கியைக் கணக்கிட்டு அமைத்த தலைமையகங்களையும் கிடங்குகளையும் ரஷ்யர்கள் பின்னுக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. பின்னுக்குப் போனால் தொடர்பு நீளும், நேரம் கூடும்.

தலைமையகத்தை ஆளிறக்கிப் பிடிக்கும் முயற்சியும் உண்டு. தகவல் இருபுறமும் கசியும் என்பதால் அது மிக அபாயமானது. 1987 அக்டோபர் 11–12 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய அமைதிப் படை ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கியது. அந்தப் பகுதியில் இருந்த புலிகளின் தலைமையைப் பிடிப்பது நோக்கம். இந்தியத் தரப்பின் ரேடியோப் பேச்சைப் புலிகள் முன்பே கேட்டிருந்தார்கள். எதிர்ப்புத் தீவிரமானதால் அடுத்தடுத்த இறக்கங்கள் நின்றன. சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேரில் 29 பேர் இறந்தனர், ஒருவர் சிறைப்பட்டார்.

சிக்காமல் இருக்க

1. பிரித்து வை. உளவுப் பிரிவு ஒரு நிலவறை, பீரங்கிப் பிரிவு இன்னொன்று, நடுவே கேபிள். ஒரு குண்டில் எல்லாம் போகக் கூடாது. விலை: ஒரே மேசையில் நிமிடத்தில் முடியும் பேச்சு இழுத்துக்கொண்டு போகும்.

2. ஆன்டெனாவைத் தள்ளி நிறுத்து. ரேடியோ இருக்கும் இடத்தைத்தான் எதிரி கண்டுபிடிக்கிறான்; தளபதி இருக்கும் இடத்தை அல்ல. கம்பி இழுத்து ஆன்டெனாவை நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி வைத்தால் குண்டு அங்கே விழும். அந்தக் கம்பியையே ஒரு ட்ரோன் பின்தொடர்ந்து வரலாம் என்பதால் புதைக்க வேண்டும்.

3. குறைவாகப் பேசு. முடிந்தவரை கம்பித் தொலைபேசி, தூதுவர். ரேடியோ என்றால் சுருக்கமாக, குறைந்த சக்தியில். இதில் எல்லாப் படைகளும் தோற்கின்றன. நெருக்கடி வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத்தான் பார்க்கிறார்கள்.

4. மாற்றுத் தலைமையகம் தயாராக இருக்கட்டும். துணைத்தளபதியும் ஒரு சிறு குழுவும் வேறிடத்தில், அதே வரைபடத்தோடு. வரைபடம் பழையதாக இருந்தால் அந்தக் குழுவால் பயனில்லை.

5. நகர். இதுதான் கடினம். முறை இப்படி: முதலில் ஒரு சிறு குழு போய்ப் புதிய இடம் பார்க்கும். வண்டி நுழைய வழி இரண்டு, மேலே மறைப்பு, ரேடியோ எட்டும் தரை ஆகியவை தேவை. அடுத்து ‘ஸ்டெப்-அப்’ எனப்படும் முன்குழு ரேடியோவோடு போய் நிலைகொள்ளும். பழைய இடத்திலிருந்து நிலவரத்தை முழுதாகக் கேட்டு எழுதிக்கொண்டு, "கட்டுப்பாடு என்னிடம்" என்று எல்லாப் பிரிவுகளுக்கும் அறிவிக்கும். அதன் பிறகே பழைய இடம் கூடாரத்தைப் பிரிக்க வேண்டும். வரிசை மாறி, இங்கே பிரித்துவிட்டு அங்கே போய் விரித்தால் இடைப்பட்ட நேரத்தில் அந்தப் படைக்குத் தலை இல்லை.

1962-இல் நம் வடகிழக்கில் நடந்ததை இந்தக் கடைசிப் புள்ளியோடு சேர்த்துப் பார்க்கலாம். 4-ஆவது கோர் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் பி. எம். கவுல் உடல்நலம் கெட்டு டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டார். பொறுப்பை ஒப்படைக்காமல் படுக்கையிலிருந்தபடியே கோரை நடத்தினார். அக்டோபர் 20 அதிகாலை நம்கா சூ ஆற்றங்கரையில் சீனத் தாக்குதல் தொடங்கியது. தொலைபேசிக் கம்பிகள் அறுக்கப்பட்டன. 7-ஆவது பிரிகேடு தலைமையகத்தால் தன் பட்டாலியன்களோடு பேச முடியவில்லை. பிரிகேடியர் ஜான் டால்வி 22-ஆம் தேதி சிறைப்பட்டார். எதிரி எந்தத் தலைமையகத்தையும் குண்டு வைத்துத் தகர்க்கவில்லை. மேலே தளபதி களத்தில் இல்லை, கீழே கம்பி இல்லை. அதுவே போதுமாயிருந்தது.

செய்தியைப் படிக்கும்போது

மூன்று கேள்விகள் போதும். எந்த மட்டத்துத் தலைமையகம்? நிலையானதா, களத்ததா? அதன் கீழுள்ள பிரிவுகள் அடுத்த சில நாட்கள் ஒருங்கிணைந்து இயங்கினவா?

2023 செப்டம்பர் 22 அன்று கிரைமியாவின் செவாஸ்டபோலில் ரஷ்யாவின் கருங்கடல் கப்பற்படைத் தலைமையகம் ஏவுகணையால் தாக்கப்பட்டது. கட்டடம் எரிந்தது உண்மை. உலகமே படம் பார்த்தது. தளபதி சொகோலோவ் உட்பட 34 அதிகாரிகள் இறந்ததாக உக்ரைன் சொன்னது. சில நாட்களில் அவர் காணொளிக் கூட்டத்தில் இருப்பதாக ரஷ்யா படம் வெளியிட்டது. முகவரி தெரிந்த கட்டடத்தைத் தாக்கியதில் அடையாள வெற்றி பெரிது; கப்பல்களுக்கு உத்தரவு அதே கட்டடத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்ததா என்பது படத்தில் தெரியாது.

நகரங்களில் நடக்கும் சண்டையில் நான்காவது கேள்வி ஒன்று சேர்கிறது: அக்கம்பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள்? ஆன்டெனாவைக் கட்டடங்கள் மறைக்கின்றன, நிலவறைகள் ஏற்கெனவே தோண்டிக் கிடக்கின்றன, மின்சாரம் இருக்கிறது. அதனால் தோப்பிலும் கூடாரத்திலும் இருந்த கமாண்ட் போஸ்ட் ஊருக்குள் நுழைகிறது. சட்டப்படி அது தாக்கத்தக்க இலக்குதான். ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 முதல் கூடுதல் நெறிமுறை, 58-ஆவது பிரிவில், இராணுவ இலக்குகளை மக்கள் நெருக்கமான பகுதிகளுக்குள்ளோ அருகிலோ வைப்பதை இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறது. ரஷ்யாவும் உக்ரைனும் அதை ஏற்ற நாடுகள். அமெரிக்கா உறுதிசெய்யவில்லை, இந்தியா சேரவில்லை. ‘இயன்றவரை’ என்ற அந்தச் சொல்லுக்கு எவ்வளவு தூரம் என்று நெறிமுறையில் அளவு கிடையாது. வீட்டின் கீழ்த்தளத்தில் ரேடியோவோடு ஆட்கள் வந்து இறங்கும்போது மேல்தளத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியதும் அந்த அளவுதான்.